நான்கு வருடத்துக்கு முன் கழற்றிய பேட்ஜ்கள்: கார் இப்போது எப்படி இருக்கிறது

என்னுடையது 2009 மாடல் செடான், அடர்நீல மெட்டாலிக். டிக்கியின் இடது ஓரத்தில் மாடல் பெயர், வலது ஓரத்தில் வேரியன்ட் எழுத்துகள், நடுவில் கம்பெனி சின்னம், முன் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் இரண்டிலும் இன்ஜின் வகையைச் சொல்லும் சின்னத் தகடு. இப்படித்தான் வந்தது. 2021-ல் இவற்றில் சிலவற்றைக் கழற்றினேன். கழற்றிய அன்று பார்க்க எல்லாமே அழகாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

ஏன் கழற்றினேன் என்றால், அந்த எழுத்துகள் உலோகம் அல்ல, பிளாஸ்டிக்மேல் குரோம் பூசியவை. பன்னிரண்டு வருட வெயிலில் அந்தப் பூச்சு செதில் செதிலாக எழும்பிவிட்டது. கார் கழுவும்போது மைக்ரோஃபைபர் துணி அதில் மாட்டும், விரலையும் கீறும். ஒரு எழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. அதோடு, ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குவரை டிக்கியில் ஓடும் மடிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை மறைக்காமல் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

டிக்கி எழுத்துகள் நுரை டேப்பில் ஒட்டியவை. இது சுலபமான பகுதி. முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவினேன். எழுத்துகளின் இடுக்கில் வருடக்கணக்கான மண் இருக்கும். அதைக் கழுவாமல், டேப்பை அறுக்கத் தூண்டில் நரம்பை ஓட்டினால் பெயிண்டில் மணலைத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். பிறகு எழுத்துகளின் அடிக்கோட்டை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டேன், மனம் மாறினால் திரும்ப நேராக ஒட்டலாம். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு, இரண்டு கையாலும் ரம்பம் போல இழுத்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஹீட் கன் வேண்டாம். அதன் சூடு கண்மூடித் திறப்பதற்குள் பெயிண்ட் தாங்கும் அளவைத் தாண்டிவிடும்.

எழுத்து போனாலும் டேப்பின் நுரை கறுப்பாக அப்படியே நிற்கும். இங்கேதான் அவசரம் வரும். நகத்தால் சுரண்டக் கூடாது, பிளேடு போடவே கூடாது. திரும்பவும் இளம் சூடு காட்டி, கட்டைவிரல் வயிற்றால் ஒரே திசையில் அழுத்தித் தள்ளினால் நுரை சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டு வரும். விரல் எரியும், அரை மணி நேரம் ஆகும், ஆனால் பெயிண்டில் ஒரு கோடுகூட விழாது. மிச்சம் இருந்த பிசுபிசுப்புக்குப் பசை நீக்கும் திரவம், கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். தின்னர் பக்கமே போக வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை மறுபெயிண்ட் அடித்த பகுதியாக இருந்தால் அது பெயிண்டையே கரைத்து எடுத்துவிடும்.

சுத்தம் செய்து முடித்துப் பார்த்தால் எழுத்துகள் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. எழுத்துக்கு அடியில் பன்னிரண்டு வருடம் வெயில் படாத நீலம், சுற்றிலும் வெளுத்த நீலம். பழைய கார்களில் இது தவிர்க்க முடியாதது, புதுக் காரில் வரவே வராது. காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்க்கும் களிம்பு) போட்டு, பிறகு பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் பாதிக்கு மேல் மறைந்தது. ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பாலிஷ் சரிசெய்வது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் மங்கலைத்தான். அடியில் இருக்கும் நிறமே வெளுத்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது. கிளியர் கோட் மொத்தமே ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது, அதனால் தேய்ப்பதற்கும் எல்லை உண்டு. கிளியர் கோட் இல்லாத பழைய சிவப்புக் கார்கள்தான் இந்த விஷயத்தில் ரொம்பக் கஷ்டம். வெயிலில் சீக்கிரம் வெளுப்பது அந்த நிறம்தான்.

நான் பாதியில் நிறுத்தியதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. மீதியை வெயிலே பார்த்துக்கொண்டது. முதல் வருடம் பத்தடி தூரத்திலிருந்தே பெயரைப் படிக்கலாம். இரண்டாம் வருடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இப்போது மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் ஒரு எழுத்தின் வளைவு தெரிகிறது. முதல் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை டிக்கி முழுக்கப் பனித்துளி படிந்திருந்தது, நடுவே பெயர் மட்டும் பளிச்சென்று எழுதியிருந்தது! கண்ணுக்குத் தெரியாத பசைப் படலம் கொஞ்சம் தங்கியிருந்ததால் அங்கே துளி வேறு விதமாகப் படிந்திருக்கிறது. கண்ணாடியில் விரலால் எழுதி, அப்புறம் மூச்சு விட்டால் தெரியுமே, அதேதான். இன்னொரு முறை ஆல்கஹால் போட்டுத் துடைத்ததும் அது போய்விட்டது.

இனி ஃபெண்டர். இதுவும் டேப்தான் என்று நினைத்து இடது பக்கத் தகட்டை நரம்பால் அறுக்கப் போனேன். நரம்பு நடுவில் எதிலோ தட்டி நின்றது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கெட்டியான பசை என்று நினைத்து இன்னும் சூடாக்கி நெம்பினேன். பட்டென்று வந்தது, பின்னால் இரண்டு பிளாஸ்டிக் முளைகள், ஃபெண்டரில் இரண்டு துளைகள். நெம்பிய இடத்தில் துளையின் விளிம்புப் பெயிண்டும் சில்லாக எழும்பியிருந்தது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் உறையை விலக்கி உள்பக்கம் கை விட்டுத் தடவியிருந்தால் முளை நுனிகள் முன்பே தட்டுப்பட்டிருக்கும். ஐந்து நிமிட வேலை அது, நான் செய்யவில்லை.

துளைக்கு ரப்பர் அடைப்பு வைத்து, விளிம்பில் டச்-அப் பெயிண்ட் தடவிவிட்டேன். ஒரே ஒரு மழைக்காலம்தான். அடைப்பைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளம் போல எழும்ப ஆரம்பித்தது. குத்திப் பார்த்தால் உள்ளே துரு. கடைசியில் அந்த ஃபெண்டரைச் சுரண்டி, துளைகளை வெல்டு வைத்து மூடி, மட்டமாக்கி, முழுதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் முடியவில்லை. புது நீலம் பக்கத்துக் கதவின் பழைய நீலத்தோடு சேரவில்லை, கதவின் பாதிவரை நிறத்தைக் கரைத்துக் கலந்து அடித்த பிறகுதான் கண்ணுக்கு உறுத்தாமல் வந்தது. வெறும் கையகலத் தகட்டுக்காக இத்தனையும்.

சின்னதாக இன்னொரு தொந்தரவும் உண்டு. வேரியன்ட் எழுத்து இல்லாததால் ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் வேறு வேரியன்டின் பிரேக் பேடை எடுத்து வைத்திருந்தார்கள். இப்போது சேஸி நம்பரைச் சொல்லித்தான் பாகம் கேட்கிறேன்.

டிக்கி நடுவில் இருக்கும் கம்பெனி சின்னத்தைத் தொடவில்லை. அது ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, எடுத்தால் வட்டப் பள்ளம்தான் மிஞ்சும். பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டால், டேப்பில் ஒட்டிய எழுத்துகளைத் தயங்காமல் எடுங்கள் என்பேன். கழுவுவது அவ்வளவு சுலபமாகிவிட்டது, அந்த மடிப்பு ஒரே கோடாக ஓடுவதை இன்றும் கார் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். முளை வைத்த பேட்ஜ் என்றால், பெயிண்ட் அடிக்கப்போகும் நாளில் மட்டும் எடுங்கள்.

வலது ஃபெண்டரின் தகடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. குரோம் முக்கால்வாசி போய்விட்டது, கழுவும்போது அதை மட்டும் பழைய பிரஷால் சுற்றித் தேய்க்கிறேன். அந்தப் பக்கம் என்றைக்காவது பெயிண்ட் வேலை வந்தால் அன்றைக்குத்தான் அதற்குக் கை வைப்பேன்.