ஜிப்சிக்கு 40 மி.மீ. லிஃப்ட்: நாலு வருடம், 38,000 கிலோமீட்டர் கழித்து

வண்டி 2003 மாடல் மாருதி ஜிப்சி கிங். முன்னும் பின்னும் கமான் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்), காயில் ஸ்பிரிங் எங்கும் கிடையாது. லிஃப்ட், அதாவது பாடியை ஏற்றிய உயரம், 40 மி.மீ. ஓட்டம் பெரும்பாலும் திருவொற்றியூர், மணலி, மாதவரம். அவ்வப்போது பழவேற்காடு பக்கத்து மணல். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வியாசர்பாடித் தண்ணீர். நாலு வருடத்தில் எது நிலைத்தது, எது பல்லை இளித்தது என்ற கணக்கு இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டையை உயர்த்தினால் பாடிதான் உயரும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்ஸில் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும், கல்லில் இடிக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு மி.மீ. கூட மேலே போகாது. அதை உயர்த்துவது டயர் மட்டும். கம்பெனி டயரான 205/70 ஆர்15-இன் விட்டம் 668 மி.மீ.; 215/75 ஆர்15 போட்டால் 703. விட்டத்தில் 35 கூடினால் தரைக்கும் உருண்டைக்கும் நடுவில் கிடைப்பது அதில் பாதி, சுமார் 18 மி.மீ. அந்தப் பெரிய டயர் முழுத் திருப்பத்தில், ஒரு பக்கம் அமுங்கும்போது மட்கார்டில் உரசாமல் இருக்கத்தான் 40 மி.மீ. லிஃப்ட். டயர் மாற்றாமல் லிஃப்ட் மட்டும் செய்தால் சேசிஸ் வயிறும் பம்பர் முனையும் கொஞ்சம் தப்பிக்கும். மற்றபடி குள்ளமானவர் கொண்டை போட்டு உயரம் காட்டுகிற கதைதான். டயர் மாறிய பிறகு ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். முள் 60-இல் நிற்கும்போது வண்டி 63-இல் போகிறது.

உயர்த்துவதில் மலிவான வழி நீள ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்க்கும், ஆடுகிற இணைப்பு). பழைய வண்டிகளில் அதிகம் பார்ப்பதும் அதுதான், கெடுதல் அதிகம் உள்ளதும் அதுதான். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. 40 மி.மீ. வேண்டுமென்றால் 80 மி.மீ. நீட்ட வேண்டும். ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன் முனையில் இருக்கிறது. அந்த முனை இறங்கினால் ஆக்ஸில் மூக்கு குப்புறச் சாயும், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் தலை முன்னால் வரும், அது பின்னால் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகாது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் பக்கத்தில் கடக்கும்போது வண்டி ஒரு முழம் அலைந்துவிட்டு வரும்.

அதைச் சரிசெய்ய பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் 2 டிகிரி ஆப்புத் தகடு வைப்பார்கள். எந்தப் பக்கம் தடிப்பு வர வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். ஜிப்சியில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருப்பதால் தடித்த முனை வண்டியின் முன்பக்கம் வர வேண்டும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உள்ள வண்டிகளுக்கு இது நேர் தலைகீழ். வேறு வண்டிக்குப் போட்டதைப் பார்த்து இதற்கும் போட்டால் கேஸ்டர் இன்னும் மோசமாகும். சரியாகவே போட்டாலும் முன் பினியன் (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே சாய்ந்து, அதற்கு விசை கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். ஃபோர் வீலில் போட்டு ஓட்டும்போது அதன் முனகல் கேட்கும். அலுமினிய ஆப்பு சில மாதத்தில் நசுங்கிப் பிளக்கிறது. இரும்புதான் போட வேண்டும்.

இரண்டாவது வழி, பழைய பட்டையையே பட்டறையில் கொடுத்து அடித்து வளைப்பது. மாதவரம், மணலி பக்கம் லாரிக்குப் பட்டை அடிக்கிற இடங்கள் நிறைய; கையில் வேலை தெரிந்தவர்கள். ஆனால் இருபது வருடம் அமுங்கிய எஃகைக் குளிர்ந்த நிலையில் தட்டி வளைத்தால் அது பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். இந்த வண்டியில் முதலில் அதுதான் செய்தது. கழற்றி மாட்டிய அன்று 45 மி.மீ. ஏற்றம், ஐந்து மாதத்தில் மிஞ்சியது இடப்பக்கம் 22, ஓட்டுநர் பக்கம் 16. வண்டி ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கேஸ் அடித்துச் சூடாக்கி வளைப்பது இன்னும் மோசம். சிவக்கச் சூடான இடத்தில் டெம்பர் (எஃகின் பதம்) போய்விடும், அந்த இடத்தில்தான் பிறகு ஒடியும். சூடாக்கினால் முழுப் பட்டையையும் எண்ணெயில் குளிரவைத்து மறுபடி டெம்பர் செய்ய வேண்டும். அந்த வசதி உள்ள பட்டறை என்றால் மட்டும் கொடுக்கலாம்.

கடைசியில் நின்றது, அதிக வளைவோடு செய்த புதுப் பட்டை செட். ஷேக்கிள் கம்பெனி அளவே. இதில் கேஸ்டர் பெரிதாக மாறவில்லை, ஆப்பும் தேவைப்படவில்லை. ஒரு எச்சரிக்கை: உயரத்தை வளைவில்தான் வாங்க வேண்டும், தடிமனில் அல்ல. பட்டையின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்பக் கூடும். செட்டில் ஒரு தகட்டை, அதாவது இலையை, 6 மி.மீ.க்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்த இலையின் விறைப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம் ஏறிவிடும். பின்னால் எப்போதும் நாலு பேரும் சாமானும் ஏற்றுகிறவர்களுக்கு அது சரி. தனியாக ஓட்டுகிறவருக்கு மணலிச் சாலைப் பள்ளத்தில் இடுப்பு எலும்பு எண்ணப்படும்.

மாட்டும் முறைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன், டேங்க் நிரப்பி, சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். முந்தின நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட வேண்டும். கடலோர வண்டியில் மாட்டிக்கொள்வது நட்டு அல்ல, ஷேக்கிள் பின். அது புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தால் பின் தலை விரிவதுதான் மிச்சம். கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் பின், புதுப் புஷ் போடுவதே வேகம். எனவே அவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றிவிட்டுத் திங்கள் வரை ஒரு பின்னுக்காகக் காத்திருக்க நேரிடும்.

ஒரு நேரத்தில் ஒரு ஆக்ஸில் மட்டும். மற்ற இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, சேசிஸின் கீழ் ஸ்டாண்ட் நிறுத்தி, ஆக்ஸிலைத் தனி ஜாக்கியில் தாங்க வேண்டும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப்பிடிக்கும் யூ போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை முறுக்கிய மரை இழுபட்டிருக்கும். இலை கூடியிருந்தால் அந்தத் தடிமன் அளவுக்கு யூ போல்ட்டும், இலைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும் நீளமாக வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் பேடின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே யூ போல்ட்டை இறுக்க வேண்டும். அது குழிக்கு வெளியே நின்றால் ஆக்ஸில் கோணலாகும், வண்டி நண்டு மாதிரி நடக்கும். நாலு நட்டையும் குறுக்கு வரிசையில், சுற்றுக்குக் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்க வேண்டும். 100 கி.மீ.யிலும் 500 கி.மீ.யிலும் மறுபடி டார்க் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் முதல் 100-இல் எல்லா நட்டும் கால் சுற்றுக்கு மேல் வாங்கின.

ஷேக்கிள் பின்னையும் பட்டைக் கண் போல்ட்டையும் வண்டி நாலு சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் கிழிந்து வெளியே வரும். வேலை முடிந்த அவசரத்தில் பலரும் தவறவிடுகிற இடம் இது.

ஷாக் அப்சார்பரை உயரம் பார்த்து வாங்காமல் அளந்து வாங்குங்கள். ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது ஷாக்கில் இன்னும் 15 மி.மீ.யாவது நீளம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸிலின் எடையே ஷாக்கில் தொங்கி, கண் புஷ் பிய்ந்துவிடும். நீள ஷாக்கின் அமுங்கிய அளவும் நீளம் என்பதால் ஆக்ஸில் மேலே வந்து முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப்பை 20 மி.மீ. இறக்க வேண்டியிருந்தது. அதே தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸையும் பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி. விறைத்து நின்றால் சேசிஸ் பக்கப் பிராக்கெட்டை 25 மி.மீ. இறக்க வேண்டும். பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்த லோட் சென்சிங் பிரேக் வால்வு உள்ள வண்டி என்றால் அந்தக் கம்பியையும் மறுபடி செட் செய்ய வேண்டும். பாடி உயர்ந்ததை ‘பின்னால் சுமை இல்லை’ என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

லிஃப்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்க் சரிந்து, பக்கவாட்டில் குறுகியதுதான் காரணம். வீலைக் கழற்றி நேராக மாட்டுவது ஏமாற்று வேலை. டிராக் லிங்க்கின் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தைத் திருத்த வேண்டும். ஒரு முனை இடது மரை, மறக்க வேண்டாம். 55, 60-இல் ஸ்டியரிங் உதறினால் ஸ்டியரிங் டாம்பர் (உதறலை அடக்கும் சிறு ஷாக்) வாங்க ஓடாதீர்கள். பெரிய டயரும் தேய்ந்த கிங்பின் பேரிங்கும் சேர்ந்தால் உதறும்; டாம்பர் அதை ஆறு மாதம் மூடி வைக்கும், அவ்வளவுதான். இங்கே நாலு பேரிங்கும் மாற்றி, ஷிம் வைத்து இறுக்கம் சரிசெய்ததும் நின்றது.

நாலு வருடத்தில் அதிக வேலை வாங்கியது உயரம் அல்ல, உப்பு. யூ போல்ட் நட்டுகள் கீழ்ப்பக்கம் தொங்குவதால் முதலில் அவைதான் துருப்பிடிக்கும். மரையில் மெழுகு அல்லது ஆன்டி சீஸ் தடவி, மேலே கிரீஸ் தோய்த்த துணி சுற்றியவை இன்றும் ஸ்பேனருக்குத் திறக்கின்றன. விட்டுப்போன ஒன்றை அறுக்க வேண்டியதாயிற்று. பட்டை இடுக்கில் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிற லாரிப் பழக்கம் இங்கே வேண்டாம். அத்திப்பட்டு சாலையின் சாம்பல் தூசி அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும், எண்ணெய் வழிந்து ரப்பரையும் ஊதவைக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் கலந்த தண்ணீர் நின்றபோது இதை நேராகவே பார்க்க முடிந்தது: முன் ரப்பர் புஷ்கள் வடை மாதிரி உப்பிப் பிதுங்கின. பின்னால் இருந்த பாலியூரித்தேன் புஷ்கள் அசையவில்லை. அவற்றுக்குக் குறை ஒன்று உண்டு, கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும்.

தண்ணீருக்காக லிஃப்ட் செய்கிறவர்கள் முதலில் டிஃபரன்ஷியல் காற்று வாங்கும் பிரீதர் குழாயை நீட்டட்டும். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டிய மறுநாள் டிரெயின் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். முன்னால் 2 லிட்டர், பின்னால் 1.5 லிட்டர் ஆயில் வீண். இரண்டு மீட்டர் ரப்பர் குழாயைப் பானட் உயரத்துக்குக் கொண்டுபோனால் அந்தச் செலவு இல்லை. தண்ணீரில் இறங்கிய பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கு (அதன் மூட்டுக்கு) உடனே கிரீஸ். சாதாரணமாக 5,000 கி.மீ.க்கு ஒருமுறை.

சில்லறை விஷயங்கள்: ஹெட்லைட்டைக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் திட்டுவார். புடவை கட்டிய பெரியவர்கள் ஏறச் சிரமப்படுகிறார்கள், ஃபுட்ஸ்டெப் போட்ட பிறகு சரியானது. வளைவில் சாய்வு கொஞ்சம் கூடியிருக்கிறது. ஏற்றிய 40 மி.மீ.யில் இன்று மிச்சம் முன்னால் 34, பின்னால் 31. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள்.

சட்டத்தை மறைத்துப் பேச முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி அளவிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் முதலில் கேட்பதும் இதைத்தான். 15 வருடம் தாண்டிய வண்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கத் தகுதிச் சோதனைக்குப் போயாக வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள். கம்பெனிப் பட்டைகளை எடைக்குப் போட்டுவிடாமல், கண்ணில் கிரீஸ் அடைத்து, இடமும் வலமும் சாக்பீஸில் எழுதி, கோணிச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றி வையுங்கள்.