ஆர்கானிக்கா, மூங்கிலா, சென்னிமலையா: எந்த பெட்ஷீட் உண்மையில் பசுமையானது?

பெட்ஷீட், துண்டு விற்கும் எந்த பிராண்டின் இணையதளத்தைத் திறந்தாலும் எங்காவது ஒரு பச்சை இலை முளைத்திருக்கிறது. அந்த இலை பெரும்பாலும் இழையைப் பற்றித்தான் பேசும்: ஆர்கானிக் பருத்தி, மூங்கில், கைத்தறி. ஆனால் கரூரில் அமராவதியையும் திருப்பூரில் நொய்யலையும் கெடுத்தது சாயக் கழிவு. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டது. கடைசியில் சாயநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதனால் நான் முதலில் பார்ப்பது சாயம் போட்ட இடத்தை. அடுத்து எடை, உழைப்பு. இழையின் பெயர் அப்புறம்தான்.

முதலில் ஆர்கானிக் பருத்தி. வெறுமனே 'ஆர்கானிக்' என்று அச்சடித்திருந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. ஜிஓடிஎஸ் (Global Organic Textile Standard) என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தரமுத்திரை இருந்தால் கதை வேறு. 'ஆர்கானிக்' என்று அந்த முத்திரையோடு விற்க, இழையில் குறைந்தது 95 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் கொண்டு செய்தது' என்று மட்டும் போடலாம். எனக்கு இதைவிட முக்கியமானது, அந்தத் தரநிர்ணயம் வயலோடு நிற்காமல் சாயப்பட்டறைக்குள்ளும் நுழைகிறது என்பதுதான். எந்தச் சாயம் கூடாது, கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்க வேண்டும், தொழிலாளர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஓட்டை இல்லாமலும் இல்லை. 2020இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் காட்டப்பட்டதை ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டுபிடித்து, 11 நிறுவனங்களைத் தடை செய்தது. ஆகவே லேபிளில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அவர்களுடைய பொதுப் பட்டியலில் தட்டிப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்வது ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100. முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் மிச்சமிருக்கிறதா என்பதை மட்டும் அது சோதிக்கிறது. குழந்தைக்கு வாங்குகிறீர்கள் என்றால் நல்லதுதான். ஆனால் அந்தத் துணியை அலசிய தண்ணீர் எந்த ஆற்றில் விழுந்தது என்பதை அது கேட்பதே இல்லை. இந்த ஒரு முத்திரையை வைத்துக்கொண்டு ஒரு பிராண்ட் 'பூமிக்கு நல்லது' என்று சொன்னால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

மூங்கில் விரிப்புக்கு வருவோம். செடி வேகமாக வளரும், பூச்சிமருந்து அதிகம் தேவைப்படாது. அதுவரை விளம்பரம் சரி. பிரச்சினை, மூங்கிலை மெத்தென்ற துணியாக்கும் வழியில் இருக்கிறது. பெரும்பாலும் அதைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு போன்ற ரசாயனங்களில் கரைத்து, விஸ்கோஸ் நூலாக இழுக்கிறார்கள். அந்த ஆவி தொழிலாளர்களின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. அமெரிக்காவில் ரேயான் (விஸ்கோஸின் இன்னொரு பெயர்) துணியை மூங்கில் என்று விற்றதற்காக 2022இல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. லேபிளில் 'லயோசெல்' என்று இருந்தால் மறுபரிசீலனை செய்யலாம். அதுவும் கூழைக் கரைத்து இழுக்கும் நூல்தான், ஆனால் அதில் கரைப்பானை ஏறக்குறைய முழுவதுமாக மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். வெறும் 'பேம்பூ' என்றால் வேண்டாம்.

மூன்றாவது, ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையின் கைத்தறி விரிப்பு. கைத்தறி ஓடக் கரண்ட் வேண்டாம், கூலி நெசவாளர் வீட்டுக்குப் போகிறது, கெட்டி நெசவு வருடக்கணக்கில் உழைக்கும். ஆனாலும் நூல் மில்லில் இருந்துதான் வருகிறது, சாயமும் எங்கோ ஒரு பட்டறையில்தான் ஏறுகிறது. அதைப் பற்றிக் கைத்தறி முத்திரை எதுவும் சொல்வதில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று தள்ளிவிடாமல் இருக்கத்தான் அது உதவும். கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கும்போது நான் வெளிர் நிறமாகவே எடுப்பேன். அடர்ந்த நிறம் ஏற்ற அதிகச் சாயமும் உப்பும் வேண்டும். கழிவுநீரில் கரைந்த அந்த உப்பைப் பிரிப்பதுதான் சாயப்பட்டறைகளுக்குத் தலைவலி. வெளுக்காத காடாத் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. தைத்து விரிக்க வேண்டியதுதான்.

என் வரிசை இது: படுக்கைக்கு வெளிர் நிறச் சென்னிமலை முதலிடம், உரிம எண்ணோடு ஜிஓடிஎஸ் அதற்கு அடுத்து, பணம் தடையில்லை என்றால் இரண்டும் சமம். குறைந்த விலையில் கிடைக்கும் மைக்ரோஃபைபரைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. அது பாலியஸ்டர், ஒவ்வொரு சலவையிலும் பிளாஸ்டிக் துகள் உதிர்க்கும்.

துண்டு விஷயத்தில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. 600, 700 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று பெருமையாக விற்கும் பொசுபொசு டர்க்கி டவலைவிட நம் ஈரிழைத் துண்டு எல்லாவிதத்திலும் மேல். பருத்தி குறைவு, துவைக்கத் தண்ணீர் குறைவு, ஐப்பசி மழையிலும் ஓரளவு காய்ந்துவிடும். காயாத டர்க்கி டவலில் நாற்றம் வந்து திரும்பத் திரும்ப மெஷினில் போடுகிறோமே, அந்தச் செலவை எந்த பிராண்டும் தன் கணக்கில் காட்டாது. டர்க்கிதான் வேண்டும் என்பவர்கள் 400 ஜிஎஸ்எம்மோடு நிறுத்திக்கொள்ளலாம்.