சுங்கை சிப்புட்டில் பழைய மோட்டாருக்கு நம்பிப் போகக்கூடிய கடை

பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் எப்படியாவது கிடைத்துவிடும். கோளாறு எங்கே என்று சரியாகச் சொல்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சுங்கை சிப்புட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். பட்டணத்தை விட்டுத் தோட்டத்துப் பாதை பிரிகிற பக்கம், போர்டுகூட இல்லாத தகரக் கொட்டகைதான் கடை. மார்க்கெட்டில் யாரிடமாவது "கார்பு பார்க்கிற அண்ணன் கடை எங்கே" என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். கார்பு என்றால் கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்.

என்னுடையது யமஹா ஆர்எக்ஸ்இசட், 133 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். அப்பா தோட்டத்து வேலைக்கு ஓட்டியது, அதனால் விற்கிற எண்ணமே கிடையாது. பட்டணத்துக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஈப்போ பக்கம் வேகம் பிடித்துப் போனால் கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்து அடங்கிவிடும், ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இதற்கு முன் போன இரண்டு கடைகளிலும் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கடையில் பொறி போடுகிற ப்ளக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயிலும் மாற்றினார்கள், இன்னொரு கடையில் கார்பு முழுசாக மாற்றச் சொன்னார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அது. ஒன்றும் சோதிக்காமல் சாமானை மாற்றிக்கொண்டே போவதற்குப் பெயர் வேலை இல்லை.

இந்த அண்ணன் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். "அடங்கும்போது சுவிட்சை அடைத்த மாதிரி டக்கென்று நிற்குதா, இல்ல திணறித் திணறி நிற்குதா தம்பி? டேங்க் நிறைய இருக்கும்போதா, பாதியிலயா? அந்த நேரம் சோக் இழுத்துப் பார்த்தியா?" கேள்வி ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மின்சாரக் கோளாறு என்றால் பெரும்பாலும் பட்டென்று அடங்கும். பெட்ரோல் போதாமல் போனால் திணறும், அப்போது சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடி ஒரு கணம் உயிர் வரும். ஆனால் இது மட்டும் போதாது, சூடானால் கெடுகிற காயிலும் இதே மாதிரி ஏமாற்றும் என்பதால், அடங்கின உடனே ப்ளக்கைக் கழற்றி நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போனார், அடங்கின இடத்திலேயே பார்த்துவிட்டு வந்தார். பொறி பளிச்சென்று இருந்ததாம். ப்ளக் முனை வெள்ளையாக இருந்தது, அதை என்னிடம் காட்டினார். வெள்ளை என்றால் பெட்ரோல் குறைந்து காற்று கூடிப்போன கலவை. இரண்டு ஸ்ட்ரோக்கில் இதை விட்டுவைத்தால் இன்ஜின் சூடேறி பிஸ்டன் ஜேம் ஆகிவிடும், அதனால்தான் இதைச் சின்னக் கோளாறு என்று நினைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம். பெட்ரோல் எந்த வழியில் போகிறதோ அதே வழியில், மேலிருந்து கீழே, ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வேண்டும், அதற்கு மூடியில் சின்ன ஓட்டை இருக்கும். அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. மெதுவாகப் போகும்போது தெரியாது, வேகத்தில்தான் தெரியும். கார்பு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, வழிகிற பெட்ரோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தார். மூடி போட்டிருந்தபோது ஒழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து சொட்டாகிவிட்டது, மூடியைத் திறந்ததும் மறுபடி பிடித்தது. ஆனாலும் முழு வேகத்தில் வரவில்லை. "ஓட்டை அடைச்சிருக்கு, அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு" என்றார். பாதிக் காரணம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று அனுப்பாத ஆள்!

போத்தலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தார். அடியில் செம்மண் மாதிரி துரு, அதன்மேல் உருண்டை உருண்டையாகத் தண்ணீர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் டேங்கிலும் அடியில்தான் கிடக்கும், ரிசர்வுக்குத் திருப்பும்போது அந்த அடிப் பெட்ரோல்தான் வருகிறது. டேங்க் குழாயைக் கழற்றினால் அதன் வலை பாதி துருவால் மூடியிருந்தது. நம் ஊர் ஈரத்துக்கும் மாலை மழைக்கும் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு இதுதான் கதி, நிறுத்தி வைப்பதென்றால் டேங்கை நிரப்பி வை என்றார். ஆக்டேன் 97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று தே தாரேக் கடையில் சொல்கிற யோசனையும் இங்கே எடுபடாது. ஆக்டேன் எண் இன்ஜின் இடிக்காமல் இருப்பதற்கு, துருவை அது ஒன்றும் செய்யாது.

கார்பைக் கடைசியில்தான் திறந்தார். உள்ளே பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடுகிற மிதவை ஊசியின் முனையில் வளையமாகத் தேய்ந்த கோடு இருந்தது, ஊசியை மட்டும் மாற்றினார். பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் ஓட்டைகளில் கம்பி விடவே இல்லை, கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றால் ஊதினார். பித்தளை மெதுவானது, கம்பி உரசினால் ஓட்டை பெரிதாகும், அப்புறம் ஜெட் மேல் இருக்கிற எண்ணுக்கே அர்த்தமில்லை. மலிவுக் கார்பு வாங்காதே என்றும் சொன்னார், அதில் வருகிற ஜெட் நம் இன்ஜினுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. டேங்கை சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, உடனே பெட்ரோல் நிரப்பினார். உள்பூச்சு கேட்டேன். டேங்கில் ஓட்டை விழாதவரை வேண்டாம், உரிந்தால் அதுவே வலையை அடைக்கும் என்றார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

எல்லாம் சேர்த்து 120 வெள்ளி. பழைய ஊசியையும் போத்தலையும் கையில் கொடுத்து அனுப்பினார். ஈப்போவுக்குப் போய்வந்துவிட்டேன், ஒரு திணறலும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே ஆள், அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும், காலையிலேயே ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் நாலைந்து வரிசையில் நிற்கும். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் வண்டியை முதலில் முடித்துக் கொடுப்பார், அது நியாயம்தான், எனக்கு அதில் புகார் இல்லை. போன் எடுக்க மாட்டார். கார்பு இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி கொண்டுபோனால், சோதிக்கிற கருவி தன்னிடம் இல்லை என்று நேராகச் சொல்லி ஈப்போவுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் ஒரு விஷயம் அவர் மாற்றியே ஆக வேண்டும்: பெட்ரோலைத் திறந்து பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே காத்திருப்பவர்கள் சிகரெட் பிடிக்கிறார்கள், தீயணைப்பான் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவரிடமே சொன்னேன், தலையாட்டினார். அடுத்த முறை போகிறவர்களும் சொல்லுங்கள், இவ்வளவு நல்ல கைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது.

போகிறவர்கள் வண்டியைக் கழுவிவிட்டுப் போகாதீர்கள், ஒழுகின தடம் அழிந்துவிடும். டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆவதில்தான் கோளாறு என்றால் முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள், காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது முதல் உதையை அவரே உதைத்துப் பார்ப்பார். ஞாயிறு கடை இல்லை.