சலாஹுதீனின் குதிரைப்படைக்கு எந்த உருவங்கள் வாங்கலாம்?

மேசைப் போர் விளையாட்டுக்கு வாங்கும் சின்ன வீரர் உருவங்களின் பெட்டி மேல் ‘சாரசன் குதிரைப்படை’ (சாரசன் என்பது முஸ்லிம் வீரர்களுக்கு அன்றைய ஐரோப்பியர் வைத்த பெயர்) என்று போட்டிருந்தால் உள்ளே 7ஆம் நூற்றாண்டு அரபு வீரனும் இருக்கலாம், 15ஆம் நூற்றாண்டு மம்லூக்கும் (அடிமையாக வாங்கிப் பயிற்சி கொடுத்த வீரன்) இருக்கலாம். அதனால் எந்த நிறுவனம் என்று பார்ப்பதற்கு முன்னால் யாருடைய படை, எந்தக் காலம் என்று முடிவு செய்துவிடுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது 1187 ஹத்தீன், 1191 அர்சூஃப் போர்களில் சிலுவைப் போர் வீரர்களுக்கு எதிராக இறங்கிய அய்யூபிப் படை, அதாவது சலாஹுதீன் வம்சத்துப் படை. அர்சூஃபில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் அணிவகுப்பை அம்பு மழையால் அரித்தெடுத்தார்கள். அந்த அணிவகுப்பின் கடைசியில் வந்த ஹாஸ்பிட்டலர்கள் (கிறிஸ்தவத் துறவி-வீரர் அமைப்பினர்) பொறுக்க முடியாமல் பாய்ந்துவிட்டார்கள். அப்படி நச்சரிக்கும் வில்லாளிகள் மேசையில் தெரியாவிட்டால் அது சலாஹுதீன் படையே இல்லை என்பேன்.

28 மிமீ உயர உருவ அளவில் மலிவான வழி கிரிப்பிங் பீஸ்ட் நிறுவனத்தின் பிளாஸ்டிக் அரபுக் குதிரைப்படை. கனரகப் பெட்டியில் 12 பேர். சின்னப் படைகள் மோதும் சாகா விளையாட்டில் படையைப் புள்ளிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்; மெய்க்காவலர் ஒரு புள்ளிக்கு 4 பேர் என்பதால் ஒரே பெட்டியில் 3 புள்ளி முடிந்துவிடும். கை, தலை, ஆயுதம் எல்லாம் தனித்தனியாக வருவதால் இரண்டு பேர் ஒரே மாதிரி நிற்க மாட்டார்கள். ஆனால் சங்கிலிக் கவசமும் ஈட்டியுமாக இருக்கும் இவர்கள் அய்யூபிகளுக்கு முன் எகிப்தை ஆண்ட ஃபாத்திமிகளுக்குத்தான் அழகாகப் பொருந்துவார்கள். அய்யூபி மம்லூக் என்று சொன்னால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

பெர்ரி சகோதரர்களின் உலோக உருவங்கள் வேறு ரகம். சிலுவைப் போர்களுக்கென்றே செதுக்கியவை, குதிரைகளின் உடல்வாகும் நன்றாக இருக்கும். விலை கூடுதல். எடையும் கூடுதல் என்பதால் கடல் தாண்டி வரவழைத்தால் அஞ்சல் செலவு கடிக்கும். மெல்லிய ஈட்டிகள் வளைந்துகொண்டே இருக்கும். வெட்டிவிட்டு எஃகுக் கம்பி பொருத்துவதே நிம்மதி.

எந்த நிறுவனமானாலும் படத்தைப் பெரிதாக்கி இடுப்பைப் பாருங்கள். துருக்கிய முறையில் இடப்பக்கம் வில்லுறை, வலப்பக்கம் அம்பறாத்தூணி. தலையில் மென்மயிர் ஓரம் வைத்து, முன்நெற்றியில் முக்கோணத் தகடு பதித்த ஷர்புஷ் தொப்பி இருந்தால் அது அமீர், அதாவது படைத்தலைவன். முதுகில் நீளமான சடை தொங்கினால் சிற்பி படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார். மாறாக, சங்கிலி வளையங்களுக்கு நடுவே பெரிய தகடுகள் கோத்த கவசமும் தலைப்பாகை மாதிரி உப்பிய தலைக்கவசமும் இருந்தால், அது ஒட்டோமான் காலத்துச் சரக்கு. எவ்வளவு அழகாக இருந்தாலும் ஹத்தீனுக்கு வேண்டாம். எல்லார் கையிலும் நன்றாக வளைந்த வாள் இருந்தாலும் யோசியுங்கள்; 12ஆம் நூற்றாண்டில் நேர்வாள் இன்னும் புழக்கத்தில்தான் இருந்தது.

சரி, 15 மிமீ? முழுப் படையாகக் களம் இறக்க ஆசை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். டிபிஏ என்ற போர் விளையாட்டு விதிகளில் ஒரு படைக்கு மொத்தமே 12 பேஸ் (உருவங்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டு). 40 மிமீ அகல பேஸில் குதிரைப்படைக்கு 3 உருவம், இலகு குதிரைக்கு 2 உருவம். வண்ணம் தீட்டும் வேலையும் எல்லைக்குள் அடங்கும். இத்தாலியின் லெஜியோ ஹெரோய்காவின் சிலுவைப் போர் வரிசையில் முகமும் உடை மடிப்பும் துல்லியம். எஸ்ஸெக்ஸ் பழைய பாணி, கொஞ்சம் குண்டு. இரண்டையும் ஒரே பேஸில் கலக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்து அணிகளில் வைத்தால் தெரியாது.

இட்டாலெரியின் 1/72 சாரசன்கள் பணம் மிச்சம் பிடிக்கத்தான். மென்பிளாஸ்டிக் என்பதால் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடித்த பெயின்ட், ஈட்டி வளையும் இடத்தில் முதலில் உரியும். ஒரு பெட்டியிலேயே காலாளும் குதிரையும் கலந்திருக்கும், வேண்டியது குதிரை மட்டும் என்றால் பாதி வீண்.

சாகா மாதிரிச் சின்ன மோதலுக்கு நான் இப்படித்தான் பிரிப்பேன்: தலைவனும் மம்லூக் மெய்க்காவலரும் பெர்ரி உலோகம், கூட வரும் அரபுத் துணைப்படைக்கு கிரிப்பிங் பீஸ்ட் பிளாஸ்டிக். துருக்கோமன் (நாடோடித் துருக்கிய) குதிரை வில்லாளிகளுக்கும் உலோகமே வாங்குங்கள், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். கொடிக்கு மஞ்சள், அய்யூபிகளின் நிறம் அது.