மானாமதுரை கடம் பட்டறை ரிவ்யூ: கணீர்னு கேட்டுச்சு, வாங்கிட்டு வந்துட்டோம்

பொண்ணு கடம் (கச்சேரியில விரலால தட்டி வாசிப்பாங்களே, அந்த மண்பானை) கத்துக்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது. முதல்ல ஆன்லைன்ல ஒரு இடத்துல (பேர் வேணாம்) ஆர்டர் போட்டு வாங்குனோம், பாக்க பளபளன்னு அழகா இருந்துச்சு, ஆனா தட்டுனா லொட்டு லொட்டுன்னு ஒரு சத்தம், புதுசுனால அப்படி இருக்கும் போலன்னு நெனச்சு கிளாஸுக்கு தூக்கிட்டுப் போனா சார் விரலை மடக்கி ஒரே ஒரு தட்டு தட்டிட்டு "இது கீறல் விட்டுருக்கும்மா, சத்தம் சொல்லுது பாருங்க"ன்னுட்டார். வீட்டுக்கு வந்து உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா கழுத்துக்குக் கீழ தலைமுடி மாதிரி ஒரு கோடு. வித்தவங்ககிட்ட கேட்டா "உடைஞ்சு வரலையே மேடம்"னு பதில். ஆசையா கத்துக்கிட்டு இருந்த புள்ளை முகம் அன்னைக்கு வாடிப்போச்சு, எனக்கு அதுதான் தாங்கல.

அதான் நேராவே போயிடலாம்னு மதுரையில இருந்து ராமேஸ்வரம் ரோட்டுல கெளம்பிட்டோம், ஒரு மணி நேரத்துல மானாமதுரை வந்துடும். வைகைக் கரை ஊரு. இங்க செய்யுற மண்பாண்டத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது. நாங்க போனது பெரிய கடை எல்லாம் இல்ல, ஒரு குயவர் வீடு, முன்னாடி திண்ணை, பக்கத்துல தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. போர்டு கூட கிடையாது.

ஆனா தெருவுக்குள்ள நுழையும்போதே இடம் தெரிஞ்சுடுது, ஏன்னா தட்டுற சத்தம். கடம் சக்கரத்துல மட்டும் ஆகிடாது. சக்கரத்துல திரிச்சு எடுத்த பானைய உள்ள ஒரு கல்லைக் கொடுத்து வெளிய மரப்பலகையால ஆயிரக்கணக்குல தட்டி தட்டித்தான் சுவரை கெட்டியாக்குறாங்க, அதுவும் ஒரே நாள்ல இல்ல, காய விட்டு காய விட்டு. நாங்க போன நேரம் ஒரு ஆத்தா மூணு பானையை வேற வேற பதத்துல வெச்சு மாத்தி மாத்தி தட்டிட்டு இருந்தாங்க. ஈரமா இருந்தது தொப்பு தொப்புன்னுச்சு, அரைகுறையா காஞ்சது டப்பு டப்பு, நல்லா காஞ்சது டொக்கு டொக்கு. "இது இன்னும் தொப்புங்குது, நாளைக்குத் தான் எடுக்கணும்"னு ஆத்தா பக்கத்துல இருந்த மருமகள்கிட்ட சொன்னாங்க பாருங்க, நான் அப்படியே நின்னுட்டேன். மீட்டர் இல்ல, டைமர் இல்ல, மண்ணோட ஈரத்தை சத்தத்தோட பேரை வெச்சே சொல்றாங்க, மருமகளும் சரின்னு தலையாட்டிட்டு அந்தப் பானையை ஓரமா நகத்திட்டாங்க.

விக்கிறதும் அதே முறைதான். நான் வாங்கப் போனதுல முதல்ல தண்ணிப் பானையும் குழம்புச் சட்டியும் இருந்துச்சு, கடம் கடைசியில. சட்டியை எடுத்து அஞ்சு விரல்ல ஏந்திப் புடிச்சு மறு கையால சுண்டி விட்டாங்க, ணங்! நல்ல சட்டி. அடுத்தது மொத்துன்னுச்சு, "இது வேகல, உங்களுக்கு வேணாம்மா"ன்னு அவங்களே தூக்கி வெச்சுட்டாங்க. நாங்க கேக்கவே இல்ல. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த ரிவ்யூ எழுதுறேன்.

கடத்துக்கு வந்தப்போ ஆத்தா கேட்ட முதல் கேள்வி "பாப்பாவுக்கு எத்தனை கட்டை?". கட்டைன்னா சுருதி அளவு. பாட்டுக்காரங்க சுருதிக்கு ஏத்த மாதிரி கடம் வேணும், மிருதங்கம் மாதிரி வாரை இழுத்து சுருதி ஏத்த முடியாது, சூளையில இருந்து வர்றப்போ என்ன சுருதியோ கிட்டத்தட்ட அதான் கடைசி வரைக்கும். அதான் கடக் கலைஞர்கள் நாலஞ்சு கடம் வெச்சுருப்பாங்க, சுகன்யா ராம்கோபால் அவங்க பல சுருதிக் கடங்களை வரிசையா வெச்சு கட தரங்கம்னே வாசிக்கிறாங்க. நாங்க அஞ்சு கட்டைன்னோம். ஆறு கடத்தை எடுத்து வெச்சாங்க, பொண்ணு போன்ல சுருதிப் பெட்டி ஆப்பைப் போட்டுட்டு ஒண்ணொண்ணா தட்டிப் பாத்தா. மூணாவது கடத்துல நடு வயித்துல ஒரு தட்டு... கணீர்! சத்தம் நின்ன பிறகும் ஒரு ரீங்காரம் கொஞ்சம் நேரம் உள்ளயே சுத்துச்சு. அவ நிமிந்து என்னைப் பாத்தா, அவ்வளவுதான், முடிஞ்சுது.

இங்க ஒண்ணு சொல்லணும். கணீர் வேற, கணகண வேற. ஒரே தட்டு, சட்டுனு எழும்பி நீண்டு நிக்கிறது கணீர். மணியை விடாம அடிச்சா கணகண. பளீர்னா ஒரு மின்னல், பளபளன்னா தேச்ச செம்பு. குபீர்னு சிரிப்பு வரும், குபுகுபுன்னு தண்ணி வரும். இப்படி ஒரு தடவைக்கு ஈர், திரும்பத் திரும்ப வந்தா ரெட்டைன்னு நம்ம பாஷையில எவ்வளவு சுத்தமா பிரிச்சு வெச்சிருக்கு. தொல்காப்பியத்துலயே இந்த ரெட்டைச் சொல்லுக்கு இரட்டைக்கிளவின்னு பேரு இருக்கு, பிரிச்சா அர்த்தம் தராதுங்கறதும் இருக்கு. சலசலன்னா ஓடைத் தண்ணி, வெறும் சலன்னா என்ன? ஒண்ணும் இல்ல. அதே கணகண காய்ச்சலுக்கும் வரும், "உடம்பு கணகணன்னு இருக்கு"ன்னு எங்க அம்மா நெத்தியில கைய வெச்சுட்டு சொல்லுவாங்க. ஆத்தாவும் சூளையைக் காட்டி "தீ கணகணன்னு புடிச்சாத்தான் கடம் கணீர்னு வரும்"னாங்க, ரெண்டும் ஒரே வாக்கியத்துல! மனுஷங்களையும் நாம இப்படித்தான் சொல்றோம், நல்ல குரல்னா கணீர்க் குரல், சும்மா பேசிட்டே இருந்தா லொடலொட, அதையே விடாம கேட்டு உயிரை எடுத்தா தொணதொண. கீறல் விட்ட பானைக்கும் ஓயாத வாய்க்கும் ஒரே லொட தான்.

சரி கடத்துக்கு வர்றேன். கீறல் இருந்தா ஏன் சத்தம் செத்துடுதுன்னு பொண்ணு என்கிட்ட கேட்டா. விஷயம் இதான்: அதிர்வு சுவர் முழுக்க சுத்தி வரணும், கீறல்ல வந்து அடைபட்டுடுது, விளிம்பு ரெண்டும் உரசிக்கிட்டு கரகரங்குது. அப்புறம் கடத்தோட வாயை தங்களோட வயித்துல அழுத்தி வெச்சு வாசிக்கிறாங்களே, அது சும்மா பிடிமானத்துக்கு இல்ல, உள்ள இருக்குற காத்தும் சேந்து அதிருது, வாயைத் தொறந்து மூடுனா அந்தத் தொம் சத்தம் ஏறி இறங்கும். கழுத்துப் பக்கம் விரல் நுனியில தட்டுனா ணிண், நடுவுல உள்ளங்கையால அடிச்சா தொம். மானாமதுரை கடம் சுவர் கனம், அதனால நாதம் அழுத்தமா நிக்குது.

குறைன்னா அந்தக் கனம்தான். சென்னைக் கடம் இதைவிட லேசு. பன்னெண்டு வயசுப் புள்ளை மடியில வெச்சு முக்கால் மணி நேரம் வாசிச்சா காலும் வலிக்குது, விரலும் வலிக்குது, முதல் ரெண்டு வாரம் விரல் நுனி செவந்துருச்சு. ரொம்ப சின்னப் பிள்ளைங்களுக்கு வாங்குறவங்க சார்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. இன்னொண்ணு, நீங்க கேக்குற சுருதி அன்னைக்கு இருக்கும்னு உத்தரவாதம் இல்ல, சூளை பிரிச்சாத்தான் தெரியும்னு சொல்லிடுறாங்க. ஐப்பசி கார்த்திகையில போகாதீங்க, மழையில பானை காயாது, வேலை நிக்கும். பேக்கிங் வைக்கோலும் சாக்கும் தான், ஆனா ரோட்டுல அத்தனை குழியில ஏறி எறங்கியும் ஒண்ணும் ஆகல.

விலை அளவுக்கும் சுருதிக்கும் ஏத்த மாதிரி மாறுது, நாங்க பேரம் பேசல, கைய பாத்தா பேசத் தோணாது, உள்ளங்கை முழுக்க காப்புக் காச்சிருக்கு.

காலையிலயே போங்க. சுருதி தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, முடியலன்னா போன்ல ஆப்பை வெச்சுக்கோங்க. எடுத்த கடத்தை வயிறு, கழுத்து, அடி மூணு இடத்துலயும் தட்டிப் பாருங்க, சத்தம் இடத்துக்கு இடம் மாறும், ஆனா எல்லாப் பக்கமும் தெளிவா வரணும். எங்கயாவது ஒரு இடத்துல டொக்குன்னா வெச்சுடுங்க, ஆத்தா கோவிச்சுக்க மாட்டாங்க, அவங்களே வேற எடுத்துத் தருவாங்க.