வியாசர்பாடி ஞாயிறு சட்ட வகுப்பு: தலைவர்கள் மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தின் மாடியில் ஞாயிறு மாலைகளில் கட்டணமின்றி நடக்கும் சட்ட வகுப்பில், அரசியல் தலைவர்களுக்கு வழக்குகளிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு பற்றிய பகுதி அண்மையில் நிறைவடைந்தது. உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர் ஒருவர் பாடம் நடத்துகிறார். துறைமுகத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் எனப் பலரும் வருகிறார்கள். பதவியில் இருப்பவர்களை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது என்று நம் தெருக்களில் பேசப்படுவது எவ்வளவு தூரம் சரி என்று அறிய விரும்புவோருக்கு இவ்வகுப்பை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஒரு முக்கியமான குறையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 361-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் மட்டுமே முழுமையான பாதுகாப்பைத் தருகிறது என்பதிலிருந்து ஆசிரியர் தொடங்கினார். அவர்கள் பதவியில் இருக்கும் வரை குற்றவியல் வழக்குத் தொடரவோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கை மேலும் நடத்தவோ, கைது ஆணை பிறப்பிக்கவோ முடியாது. "மேடம், கவர்னரே ஒருத்தர்கிட்ட கடன் வாங்கித் திருப்பித் தரலைன்னா?" என்று ஓர் அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை ஆசிரியர் ஒதுக்கிவிடாமல், தனிப்பட்ட செயல்களுக்காக உரிமையியல் (சிவில்) வழக்குத் தொடுக்கலாம் என்றும், அதற்கு முன்பாக வழக்கின் தன்மை, வழக்காடுபவரின் பெயர், முகவரி, கோரும் நிவாரணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் இப்படியொரு பாதுகாப்பு இல்லை என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. முதலமைச்சரும் பொது ஊழியரே, ஆகவே ஊழல் வழக்குக்கு உட்பட்டவரே என்று மு. கருணாநிதி தொடர்பான வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஆசிரியர் எடுத்துக்காட்டினார். முதலமைச்சராக இருக்கும்போதே ஜெயலலிதாவுக்குச் சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருத் தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்ததும், அவர் பதவியிழந்ததும், 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகு ஆர்.கே.நகரில் போட்டியிட்டு வென்றதும் இப்பகுதி மக்களுக்கு நன்றாக நினைவிருப்பதால், பாடம் இங்கே மிக இயல்பாக மனத்தில் பதிந்தது. அந்த விடுதலையை 2017-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததையும், அதற்குள் அவர் மறைந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போனதையும் கட்சிப் பேச்சுக்கு இடம் தராமல் ஆசிரியர் சொல்லிமுடித்த விதம் பாராட்டுக்குரியது.

வகுப்பின் சிறந்த மணி நேரம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றியது. அவையில் பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் அரசமைப்புச் சட்டத்தின் 105, 194 பிரிவுகள் தரும் பாதுகாப்பு, வாக்குக்காக வாங்கிய லஞ்சத்தையும் மறைக்குமா? மறைக்கும் என்று 1998-இல், பிரதமராக இருந்த நரசிம்ம ராவின் அரசைக் காப்பாற்ற எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்ததாக எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் கூறினர். அதன்படி பணம் வாங்கி வாக்களித்தவர்கள் தப்பினார்கள். பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டும் வாக்களிக்காமல் போனவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. இதைக் கேட்டதும் அறையில் எழுந்த கொதிப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஜார்க்கண்ட் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சீதா சோரனின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச் 4 அன்று ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றி, லஞ்சத்தைப் பெற்றுக்கொண்டபோதே குற்றம் முழுமையடைந்துவிடுகிறது என்று நிலைநாட்டியது. இரு தீர்ப்புகளின் வாதங்களையும் அடுத்தடுத்து வைத்து எளிய தமிழில் இவ்வளவு தெளிவாக ஒருவர் விளக்கி நான் கேட்டதில்லை.

அமெரிக்காவில் பதவி சார்ந்த செயல்களுக்காக முன்னாள் அதிபருக்குக் குற்றவியல் பாதுகாப்பு உண்டு என்று 2024 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்தது போதுமானதே.

குறை இதுதான். நடைமுறையில் அமைச்சர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அரசின் முன் அனுமதி என்ற தேவையே. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க இயலாது. 2018-இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, பதவியில் இருந்து எடுத்த முடிவுகளைப் பற்றிப் புலனாய்வு தொடங்குவதற்கே அனுமதி கேட்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவு, 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது. ஒரு சாதாரணக் குடிமகனின் புகார் எங்கே தேங்கி நிற்கிறது என்பதை விளக்கும் இப்பகுதி கடைசி அரை மணி நேரத்துக்குள் அவசரமாக முடிக்கப்பட்டது. இதற்கென்று தனியாக ஒரு மாலையே ஒதுக்க வேண்டும். கையேட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்டிருந்த சட்டப் பிரிவுகளைத் தமிழிலும் தர வேண்டும். அமைப்பாளர்களிடம் இரண்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சுற்றில் சேர விரும்புவோர் படிப்பகத்தில் நேரில் பெயர் கொடுக்கலாம். சட்டப் படிப்பு எதுவும் தேவையில்லை.