கரடியைவிட நம் கட்டைவிரலை அதிகம் சோதிக்கும் டப்பா: பேர்வால்ட் பிவி500

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் காட்டுக்குள் நடந்துபோய் இரவு தங்குபவர்கள் கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா, கொண்டுபோயே ஆக வேண்டும். சாப்பாட்டு மூட்டையை மரத்தில் தொங்கவிடுவது அங்கே செல்லாது. அர்சாக் மாதிரி கிழியாத துணிப் பைகளும் செல்லாது. எனவே எந்த டப்பா, எந்த அளவு என்பதுதான் கேள்வி. கடைகளில் அதிகம் கண்ணில் படுவது பேர்வால்ட் பிவி500: 11.5 லிட்டர் கொள்ளளவு, 1.16 கிலோ எடை, 22 செ.மீ. விட்டம், 32 செ.மீ. உயரம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உருளை, மேலே கருப்புத் திருகு மூடி.

டப்பா தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இடக்கு செய்வது மூடியும், நாம் அதற்குள் திணிக்கப் பார்க்கிற சாப்பாடும்தான்.

முதலில் மூடி. அதன் விளிம்பில் இரண்டு இடங்களில் தடை இருக்கிறது. மூடியைத் திருகிக்கொண்டே வந்தால் தடையில் முட்டி நிற்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கியபடி திருகினால் தாண்டும். அடுத்த தடையிலும் இதே வேலை. கடையில் வைத்துத் திறந்து பார்க்கும்போது இது ஒன்றுமே இல்லை. ஆனால் யோசெமிட்டியில் உள்ள டுவாலமி மெடோஸ் புல்வெளி 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்திருக்கும், விரலும் விறைத்திருக்கும். காலாவதியான கிரெடிட் கார்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தடை இருக்கும் இடத்தில் மூடிக்கும் உருளைக்கும் நடுவில் அதைச் செருகித் திருகினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். புரியில் மணல் ஏறினாலும் மூடி இறுகும், ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மூடும்போது இரண்டு தடையும் தாண்டியதா என்று கையால் தடவிப் பாருங்கள். அரைகுறையாக மூடியது கரடிக்குத் திறந்து வைத்த மாதிரிதான்.

இந்த இரண்டாவது தடைக்கு ஒரு கதை உண்டு. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலையில், காதில் மஞ்சள் பட்டைகள் மாட்டியிருந்ததால் ‘யெல்லோ யெல்லோ’ என்று பெயர் பெற்ற பெண் கரடி ஒன்று இருந்தது. பேர்வால்டின் மூடித் தடையைப் பல்லால் அமுக்கித் திறக்கக் கற்றுக்கொண்டது. நிறுவனம் இரண்டாவது தடையைச் சேர்த்தது, கரடி அதையும் தாண்டியது. 2012-இல் அது இறந்துபோனது. இருந்தாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் பேர்வால்டை நம்பிக் கிளம்பாமல் உள்ளூர் வனத்துறையின் விதியைப் பார்த்துவிடுவது நல்லது. யோசெமிட்டியில் இந்த டப்பாவுக்கு அனுமதி உண்டு.

இப்போது சாப்பாடு. பிவி500 ஒருவருக்கு ஏழு நாள் தாங்கும் என்பது அமெரிக்க உலர் உணவுக் கணக்கு. நம் வீட்டுச் சாப்பாட்டோடு போனால் இரண்டு பேருக்கு மூன்று இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு வேண்டாம். டுவாலமி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு லேசில் வேகாது, எரிவாயுதான் தீரும். அவல் 600 கிராம், வறுத்துத் தாளித்த ரவை உப்புமா மிக்ஸ் அரை கிலோ, சப்பாத்தி 18, வறுத்த நிலக்கடலை அரை கிலோ, கடலை மிட்டாய் 300 கிராம், பால் பவுடர் 200, நெய் 200, சர்க்கரை 150, புளிக்காய்ச்சல் 200, பருப்புப் பொடி 150 கிராம், டீத்தூள். எல்லாம் சேர்ந்து மூன்றரைக் கிலோ சுமாருக்கு வரும். ஏழெட்டு லிட்டரில் அடங்கிவிடும். முதல் நாள் மதியமும் இரவும் சாப்பிடுவதை வெளியே கையில் கொண்டுபோகலாம், படுக்கப் போவதற்குள் தீர்ந்திருந்தால் போதும்.

மிச்ச இடம் வீண் என்று நினைக்காதீர்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம், மாத்திரை, சோப்பு, சாப்பிட்டுப் போட்ட கவர் எல்லாமே இரவில் உள்ளே போக வேண்டும். கரடிக்கு மணம்தான் கணக்கு, அது சாப்பாடா என்பது இல்லை. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: சாப்பாட்டால் விளிம்புவரை நிரப்பிவிட்டு, இருட்டிய பிறகு பற்பசையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மூடி மணத்தை அடைக்காது. ஆனாலும் புளிக்காய்ச்சலுக்கு இரட்டைக் கவர் போடுங்கள். அது கரடிக்காக இல்லை, டீத்தூளைக் காப்பாற்ற.

அடுக்கும் முறை: கடைசி நாள் சாமான் அடியில். சப்பாத்தியை 18 செ.மீ. அகலத்தில் சுட்டால் மடிக்காமல் படுக்கையாக இறங்கும். அதை முதல் இரண்டு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் மேல்பக்கம். கடைக் கவர்களை எல்லாம் பிரித்து ஜிப் பைக்கு மாற்றுங்கள். சமவெளியில் சீல் செய்த சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏறத் தலையணை மாதிரி உப்பி, மூடியைத் திருக விடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கினால் சரியாகிவிடும்.

கொசு மருந்து விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த மருந்து பாலிகார்பனேட்டை அரிக்கும். ஜூலையில் டுவாலமி பக்கம் கொசு பிய்க்கும், மருந்து எல்லோர் கையிலும் இருக்கும். குப்பியை இறுக மூடித் தனிப் பையில் போட்டு வையுங்கள், தடவிய கையோடு மூடியைப் பிடிக்க வேண்டாம்.

சுமக்கும்போது டப்பா பையின் நடுவில், முதுகை ஒட்டி நிற்க வேண்டும். இடுக்குகளில் சட்டையைத் திணித்தால் ஆடாது. இரவில் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி, சமதரையில் வையுங்கள். சரிவு, ஓடை பக்கம் வைத்தால் கரடி உருட்டிவிட்டதும் டப்பா போய்விடும், நீங்கள் பசியோடு தேடுவீர்கள். கயிறு கட்ட வேண்டாம், இழுத்துக்கொண்டு போகக் கரடிக்குக் கைப்பிடி கொடுத்தது போலாகும். ஒளிரும் நாடா ஒட்டினால் காலையில் கண்டுபிடிப்பது சுலபம்.

டப்பாவில் அடங்காத மிச்சத்தைக் காரில் விட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: யோசெமிட்டியில் இரவில் காருக்குள் உணவு இருக்கக் கூடாது. 1998-இல் அங்கே கரடிகள் உடைத்த கார்கள் ஆயிரத்துக்கும் மேல். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், எண்ணிக்கைக்கு மீறி அடிபட்டவை மினிவேன்கள் என்று கண்டார்கள். குழந்தைகள் சீட்டில் சிந்துவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கிளம்பும் முன் சீட்டைத் தூக்கி முறுக்குத் தூளை உறிஞ்சி எடுங்கள். கூலர் பெட்டியைப் பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டகத்தில் வைத்துவிடலாம்.

வேறு எதை வாங்கலாம்? கார்சியா டப்பாவில் காசை வைத்துத் திருகிப் பூட்டைத் திறக்கலாம், குளிரில் விரலுக்கு நிம்மதி. ஆனால் கொள்ளளவு 10 லிட்டர், வாய் சிறியது, சப்பாத்தியை மடித்துத்தான் போட வேண்டும், உள்ளே இருப்பதும் தெரியாது. கார்பன் ஃபைபரில் வரும் பேரிகேட் இலேசு, விலைதான் பேர்வால்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பிவி450-இன் 7.2 லிட்டர் தனியாளுக்கு இரண்டு மூன்று இரவு தாங்கும், ஜோடிக்குப் பத்தாது.

ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவர்கள் அனுமதிச் சீட்டு தரும் இடத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே கிடைப்பது கார்சியாவாகவும் இருக்கலாம், அதற்கேற்ற மாதிரி சப்பாத்தியைச் சின்னதாகச் சுடுங்கள். இரண்டாவது பயணம் திட்டத்தில் இருந்தால் பிவி500 வாங்குவதே சரி. உட்கார நாற்காலியும் அதுவேதான்.